இறுதிச் சுற்றில் ஒரு ‘ச்சு’

கறுப்புச் சட்டை போட்டால் எனக்குத் தலைக்கனம் கூடிவிடும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அது முதுகில் ‘ஜட்ஜ்’ என்று பெரிதாக அச்சடித்த சட்டை. டிராகனும் மந்திரவாதியும் படம் போட்ட சீட்டுகளை வைத்து ஆடும் போட்டிகளில் நான் நடுவர். (காசு வைத்து ஆடுவதில்லை. மாமியாருக்கு இதை விளக்கியே எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.)

வாரம் முழுக்க எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். மீட்டிங்கில் வாய் திறந்தால், “இதை அப்புறம் பேசலாம்” என்பார் மேனேஜர். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுன் ஹாலில் ஒருவர் கையைத் தூக்கி “ஜட்ஜ்!” என்று கூப்பிட்டால், நான் போய் நின்று சொல்வதுதான் தீர்ப்பு. உலகத்தில் என்னை அவசரமாகத் தேடுகிற ஒரே இடம் அதுதான். அதை இழக்க எனக்கு மனமே இல்லை.

நடுவர் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் வராது. வருஷா வருஷம் ஆன்லைனில் பரீட்சை எழுதிவிட்டு, ஒரு போட்டியில் தலைமை நடுவரின் கண் முன்னால் வேலை பார்த்துக் காட்ட வேண்டும். தவறினால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கற்றுக்குட்டிகளோடு மறுபடி முதலிலிருந்து. நினைவூட்டி வந்த மெயில்களை எல்லாம், ‘இதெல்லாம் புதுப் பசங்களுக்கு’ என்று ஒதுக்கிவைத்துவிட்டு, கெடு முடிகிற வாரம்தான் பரீட்சை எழுதினேன். முழு மார்க். அதில் ஒரு கேள்வி: வேடிக்கை பார்ப்பவர் ஆட்டக்காரருக்குக் குறிப்புக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? ‘வெளியேற்றுவேன்.’ டிக் அடிக்கும்போதே யாரையாவது வெளியேற்ற வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

போட்டி நாளில் தலைமை நடுவர் காவ்யா. ஆரம்பத்தில் அவளுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்தவன் நான். (இதை அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவேன், அவள் அடிக்கடி பொறுத்துக்கொள்வாள்.) இன்று அவள் கையில் என் பிழைப்பு. அசத்திவிட வேண்டும் என்று, யாரும் கேட்காமலே மைக்கைப் பிடுங்கினேன்.

“பாக்குறவங்க வாயே தொறக்கக் கூடாது. மூஞ்சியில கூட எதுவும் தெரியக் கூடாது!”

என் துரதிர்ஷ்டம், என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி சார்லஸ், மாமாவின் பெருமையைப் பார்க்கக் கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தான். இரண்டாவது சுற்றில் ஒருவர் தவறான சீட்டை இறக்க, பின்னால் நின்ற இவன் “அய்யய்யோ” என்றான்.

புலி மாதிரிப் பாய்ந்தேன். “வெளிய போங்க.”

“மாமா, நான் சும்மா...”

“இங்க மாமாவும் இல்ல, மச்சானும் இல்ல. வெளிய!”

கல்யாண நாளிலிருந்து ‘டா’ போட்டுப் பேசிய பையனை முதன்முதலாகப் ‘போங்க’ என்றேன். அவன் முகம் தொங்கிப்போனது. நானோ, காவ்யா கவனித்தாளா என்றுதான் பார்த்தேன். கவனித்தாள். சான்றிதழ் கையில் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வளர்ந்த தங்கவயல் லைன் வீடுகளில், அதாவது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், நாலு பேர் ரம்மி ஆடினால், பத்துப் பேர் அவர்களுக்குப் பின்னால் நின்று ஆடுவார்கள். தப்பான சீட்டில் கை போனால் பின்னாலிருந்து ‘ச்சு’ என்று ஒரு சத்தம் வரும். ஆடுகிறவர் திரும்பிப் பார்க்காமல் சீட்டை மாற்றிக்கொள்வார். அது எங்களுக்கு ஏமாற்று வேலை இல்லை, மரியாதை. ‘ச்சு’ சொல்லாமல் நின்றால்தான், “என்னப்பா, எங்க மேல கோவமா?” என்று கேட்பார்கள்.

இறுதிச் சுற்று. ஒரு பக்கம் கண்ணாடி போட்ட கல்லூரி மாணவன். இன்னொரு பக்கம் மூர்த்தி, பீன்யாவில் மெஷின் ஆபரேட்டர், முதல்முறையாக இறுதிக்கு வந்தவர். நான் மூர்த்திக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறேன். ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மூர்த்தி ஒரு டிராகனை எடுத்து மேசைக்குக் கொண்டுபோனார்.

“ச்சு.”

மூர்த்தியின் கை அப்படியே திரும்பி டிராகனைப் பழைய இடத்தில் சொருகியது. (அவருக்கும் பின்னால் நின்று ஆடும் சொந்தக்காரர்கள் இருந்திருக்க வேண்டும்.)

மாணவன் கையைத் தூக்கினான். “ஜட்ஜ்!”

பழக்கதோஷம், கம்பீரமாக முன்னால் போனேன். “சொல்லுங்க, என்ன பிரச்சினை?”

“நீங்கதான் சார்.”

காவ்யா வந்தாள். மூர்த்தி பொய் சொல்லத் தெரியாத மனிதர். “சார்தான் ச்சுன்னாரு. அதான் எடுத்துட்டேன்.”

முதலில் எடுத்த சீட்டையே இறக்க வேண்டும் என்று காவ்யா தீர்ப்புச் சொன்னாள். மூர்த்தி தூக்குமேடைக்குப் போகிறவர் முகத்தோடு டிராகனை இறக்கினார். அந்த டிராகனாலேயே ஜெயித்தும்விட்டார். புதிதாக வந்த சீட்டு. அதன் சக்தி என்னவென்று நான் படித்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்கவும் தெரியவில்லை, திறந்தால் உருப்படியாகச் சொல்லவும் தெரியவில்லை. மூர்த்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்லவேள சார், மேடம் உங்க பேச்சக் கேக்க விடல.” அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“அண்ணா, ஸ்வல்ப ஹொரகே பன்னி” என்றாள் காவ்யா. கொஞ்சம் வெளியே வாருங்கள் என்று கன்னடத்தில் மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். வராந்தாவில் நின்று தரையைப் பார்த்தபடி, “நீங்கதானே எனக்கு ரூல் சொல்லிக்கொடுத்தீங்க” என்றாள். நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். பனியனோடு படியிறங்கும்போது உண்மையிலேயே அழுகை வந்தது.

எதிர் டீக்கடையில் சார்லஸ் உட்கார்ந்திருந்தான். என்னையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன மாமா சொன்னீங்க?”

“ச்சு.”

“நானாவது அய்யய்யோன்னேன். அது ஒரு வார்த்த.” கடைக்காரர் பக்கம் திரும்பி, “அண்ணே, மாமாக்கு ஒரு டீ” என்றான். தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் மேல் போட்டுவிட்டு, ஸ்டெல்லாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மத்தியானமும், பிரியாணி முடிந்து ரம்மிக்கு உட்கார்ந்ததும், நான் யார் பின்னாலாவது போய் நின்றால் ஸ்டெல்லா பண்டிகைக்குச் சுட்ட கல்கல் பலகாரத் தட்டோடு வந்துவிடுவாள். வாய் நிறைய அடைத்துக்கொண்டால்தான் நிற்க அனுமதி. “மூஞ்சியில கூட எதுவும் தெரியக் கூடாது!” என்று சார்லஸ் என் குரலிலேயே அறிவிப்பான்.

கற்றுக்குட்டிகளோடு உட்கார்ந்து, அடியிலிருந்து ஏறி, சட்டையைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கப் போகிற நாளில் ஸ்டெல்லா என் பையில் ஒரு டப்பா கல்கல் வைத்துவிடுகிறாள். இறுதிச் சுற்றில் யாராவது “ஜட்ஜ்!” என்று கை தூக்கினால், நான் மென்று முடிக்கும் வரை ஹாலே காத்திருக்கிறது.