கிணற்றுக் கப்பலில் ஆம்லெட்

சேந்தமங்கலம் சுற்றுவட்டாரத்தில் கடலைக் கண்ணால் பார்த்தவர் கப்பல்காரர் ஒருவர்தான். அந்தக் கடலை ஊருக்கே கொண்டுவந்து, இரண்டு மாட்டைப் பூட்டி ஓட்ட வைத்தவரும் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். உனக்கு எப்படியப்பா தெரியும் என்று கேட்பீர்கள். அந்தக் கடல் நான்தான்.

முதலில் என் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போனேன். அன்றைக்கு லீவு. அதோடு சரி. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகன்தான் எழுதுகிறான். நன்றாக இருந்தால் அது என்னுடையது, பிழை இருந்தால் அவனுடையது.

கப்பல்காரர் தோட்டத்தில் கவலை ஓட்டுவது என் வேலை. அப்போது பம்புசெட்டு கிடையாது. கிணற்று மேட்டில் உருளை, உருளைமேல் தடிக்கயிறு, ஒரு முனையில் தோல் சால், மறுமுனையில் மாடுகள். மாடு சரிவில் இறங்கினால் சால் தண்ணீரோடு மேலே வரும். மாடு பின்னுக்கு நகர்ந்து மேடேறினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். பொழுதுக்கும் முன்னால், பின்னால், முன்னால், பின்னால். மாட்டுக்கும் எனக்கும் அறிவில் பெரிய வித்தியாசம் இல்லாததால் வேலை சுமுகமாக நடந்தது.

அவர் கப்பல்காரர் ஆனது அவருடைய தம்பியால். தம்பி பினாங்குக்குப் போய், திரும்பி வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டான். கூட்டிவருகிறேன் என்று இவர் கப்பல் ஏறினார். சுத்த சைவக் குடும்பம். வெங்காயம் வெட்டினால்கூட அருவாமனையை மூன்று தண்ணீரில் கழுவுகிற வீடு. ஆகவே வழிக்கு முறுக்கு, ராகி மாவு, புளிச்சோறு என்று மூட்டை கட்டிக்கொண்டு போனார். நாகப்பட்டினம் கண்ணுக்கு மறைவதற்குள் தின்றதெல்லாம் கடலுக்கே போய்விட்டதாம். மிச்சமிருந்த மூட்டையைப் பார்த்தாலே குமட்டல். சுருண்டு கிடந்தவரைப் பார்த்து இரக்கப்பட்ட கப்பல் பட்லர், மஞ்சளாக, மெத்தென்று, ஓரம் முறுகலாக ஒன்றைச் சுட்டு ரொட்டிக்கு நடுவில் வைத்து, கூடவே சிவப்பு ஜாமும் தடவிக் கொடுத்தான். ஏதோ புது மாதிரி அடை என்று நினைத்து இவர் தின்றுவிட்டார். தெம்பாக எழுந்து உட்கார்ந்து, இன்னொன்று வாங்கித் தின்ற பிறகுதான் என்ன மாவு என்று கேட்டார். முட்டை என்றான் பட்லர்.

அதிர்ச்சியில் ஒரு பொழுது முழுக்கச் சிவ சிவா என்று ஜெபித்தாராம். அப்புறம் சுற்றிப் பார்த்தார். எந்த ஊர்க்காரரோ, தன் ஊரில் மீன்காரி நிழல் பட்டாலே குளிக்கிற ஜவுளி வியாபாரி ஒருவர் மத்திமீன் டப்பாவைத் திறந்து விரலை விட்டு வழித்துக்கொண்டிருந்தார். பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கிற ஒருவர், தலைசுற்றலுக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டு, மூன்று வேளையும் கோழி சூப்பு குடித்தார், தலை சுற்றாத நாளிலும். எல்லாரும் பினாங்குத் துறையில் இறங்குவதற்கு முன்னால் வாயைக் கொப்பளித்து, விபூதி பூசி, பழையபடி சைவமாகிவிட்டார்கள். பட்லர் சொன்னானாம், கப்பலில் தின்பது கணக்கில் சேராது, கரையில் கால் பட்டதும் கழிந்துபோகும் என்று. அந்தப் பேச்சு இவருக்கு வேதவாக்காகிவிட்டது.

தம்பி வரவில்லை. இவர் அந்த நாக்கோடு திரும்பி வந்து, வீட்டுக்கார அம்மாவிடம் மெதுவாக விஷயத்தை எடுத்தார். முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. அந்தம்மா கையில் இருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்தக் கருமத்த இந்த மண்ணுல காலு வெச்சுத் தின்னீங்கன்னா, அன்னைக்கே நான் எங்கண்ணனூட்டுக்குப் போயிருவேன். அப்பறம் கூப்புட வராதீங்க."

சொன்னதைச் செய்கிற அம்மா. கப்பல்காரர் ஆடிப்போனார். அந்தம்மா இல்லாமல் அவருக்கு வேட்டி இருக்கிற இடம்கூடத் தெரியாது. ஆனால் ஆம்லெட்டையும் மறக்க முடியவில்லை. சில நாள் தோட்டத்தில் தனியாகப் பேசிக்கொண்டு திரிந்தார். ஒரு காலையில் கவலை மேட்டுக்கு வந்து, சால் ஏறி இறங்குவதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"ஏண்டா சாமி, கப்பலுக்கு அடியில என்ன இருக்குது?"

"தெரியாதுங்க பண்ணாடி." பண்ணைக்கு உடையவரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"தண்ணி. கெணத்துக்குள்ள?"

"தண்ணிதானுங்க."

"அப்பறம் என்ன. சாலக் கழட்டு."

சாலுக்குப் பதில் ஒரு பலகைக் கட்டில் கயிற்றில் ஏறியது. கட்டில்மேல் கரியடுப்பு, வாணலி, சேலத்தில் துரைமார்கள் சாமான் வாங்கும் கடையிலிருந்து வரவழைத்த ரொட்டி, ஜாம் டப்பா. முட்டை எங்கள் வீட்டுக் கோழி உபயம். எங்கள் வீட்டில் அப்போது ஒழுங்காக வேலைக்குப் போனது கோழிகள்தான். கப்பல்காரர் வெள்ளைத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து, கால் இரண்டையும் மடக்கிக்கொண்டார். நான் மாட்டை ஓட்டினேன். கட்டில் மேலே வந்தது. பின்னுக்குத் தள்ளினேன். கட்டில் கிணற்றுக்குள் போனது. உள்ளேயிருந்து குரல் வந்தது, அலை பெரிதாக இருக்கிறதாம், கொஞ்சம் சின்ன அலையாகப் போட வேண்டுமாம். நெருப்பையும் மனிதரையும் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுகிறோமே என்று மாட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கிணற்றுக்குள்ளிருந்து புகையும் வாசனையும் வந்தது. மாடுகள்கூடக் காதைத் தூக்கின.

ஆட்டம் இல்லாவிட்டால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. நாகப்பட்டினத்தில் கரை இறங்கிய அன்றே ஒரு ஓட்டலில் தின்று பார்த்தாராம், விக்கி விக்கி உயிர் போகப் பார்த்ததாம். ஆட்டம் நின்றால் கத்துவார், "கடல் ஏண்டா நின்னுபோச்சு?" "கடலுக்கு ஒண்ணுக்கு வருதுங்க" என்று ஒரு நாள் சொன்னேன். போய்விட்டு வரச் சொன்னார். நல்ல மனிதர்.

இதைவிட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அவர் கரை இறங்கிய பின் நடந்ததுதான். வாய் கொப்பளிப்பார், விபூதி பூசுவார், வலது காலைத் தரையில் வைப்பார். வைத்த அடுத்த நொடி மூக்கைச் சுளிப்பார்.

"ஏண்டா, உம் மேல முட்ட நாத்தம் அடிக்குது. தள்ளி நில்லு. சிவ சிவா."

முட்டையைத் தின்றவர் அவர், நாற்றம் மட்டும் எனக்கு. நானும் என் கையை மோந்து பார்த்துவிட்டு, நாம்தான் தின்றோமோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே கரையில் அவர் வேறு ஆள்.

விஷயம் பரவியது. இது மகாபாவம் என்று எடுத்துச் சொல்ல ஜோசியர் ஒருவர் கிளம்பி வந்தார். கரையிலிருந்து சொன்னால் கேட்கவில்லை, ஏறி வந்து சொல்லுங்கள் என்றார் கப்பல்காரர். ஏறினார். இரண்டு அலை போட்டேன். இறங்கும்போது மீசையில் ஜாம் இருந்தது. சுக்கிரன் பார்வை சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் கோயில் காரியம் பார்க்கிற ஒருவர் கயிறு வலுவாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். அவர் வாரா வாரம் கயிற்றைப் பார்த்தார். ஊரில் மீசைக்கு மேல் கௌரவம் வைத்திருந்தவர்களெல்லாம், மாட்டுக்குத் தவிடு கொடுக்கிற சாக்கில் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் எங்கள் மாடுகள் தவிட்டிலேயே கொழுத்தன. மிளகாய்ச் செடி மட்டும் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது.

அந்தம்மாவுக்கு எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மண்ணில் கால் வைக்காத வரைக்கும் சொல்ல வாயில்லை. ஆனால் ஊர்ப் பெண்கள் சும்மா விடுவார்களா. உங்கள் வீட்டுக் கப்பலில் ஏறித்தான் எங்கள் வீட்டு ஆம்பளைகளும் கெட்டார்கள் என்று தண்ணீர்த் துறையில் சாடை பேசினார்கள். அதுதான் பொறுக்கவில்லை. வாழப்பாடியில் இருந்த அண்ணனுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

அந்த வாழப்பாடிக்காரர் ஆறடி ஆள். வில்வண்டியில் வந்து இறங்கி, தங்கையின் துணிப்பெட்டியை முதலில் வண்டியில் ஏற்றினார். அப்புறம்தான் பேச்சு என்று நேராகத் தோட்டத்துக்கு வந்தார். பின்னாலேயே அந்தம்மா.

நான் அப்போது கப்பலைக் கிணற்று வாய்க்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். கப்பல்காரர் தொப்பியோடு, இலைமேல் சுடச்சுட முழு ஆம்லெட்டோடு, அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்கு எதிரே மச்சான். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் வந்தால், தோள் துண்டை எடுத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பி வாங்க என்று சொல்ல வேண்டும். நான் படிக்காதவனே தவிர மரியாதை தெரியாதவன் அல்ல. மாட்டுக் கயிற்றை விட்டேன், துண்டை எடுத்தேன், இரண்டு கையையும் கூப்பினேன்.

"வாங்க" என்று சொல்லி முடிக்கவில்லை. பாரம் இழுத்து, மாடுகள் திபுதிபுவென்று பின்னுக்கு வந்தன. கப்பல் முழுகியது.

கிணற்று விளிம்புக்கு ஓடினேன். எட்டிப் பார்த்தால் தொப்பி மிதக்கிறது, ரொட்டி மிதக்கிறது, கட்டில் மிதக்கிறது, ஆளைக் காணோம். அந்தம்மா கிணற்று விளிம்பில் மண்டியிட்டு "ஏனுங்க, ஏனுங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்புறம் தண்ணீர் பிளந்தது. கப்பல்காரர் நன்றாக நீந்துவார். கல்படியைப் பிடித்து, சொட்டச் சொட்ட மேலேறி, எங்கள் எதிரில் மண்ணில் வந்து நின்றார்.

கன்னம் இரண்டும் பூசணிக்காய் மாதிரி உப்பியிருந்தன. விழும்போது ஆம்லெட் நனைந்துவிடக் கூடாது என்று முழுசாக வாய்க்குள் அடக்கிக்கொண்டிருக்கிறார்.

நின்ற பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயில் ஆம்லெட். கால் மண்ணில். அந்தம்மா அவர் காலைப் பார்த்தார், பிறகு கன்னத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த பயம் போய்விட்டது, பழைய அம்மா வந்துவிட்டார்.

"துப்புங்க மாப்ள" என்றார் வாழப்பாடிக்காரர். "இல்லன்னா முழுங்குங்க. என் தங்கச்சி வண்டி ஏறட்டும்."

கப்பல்காரர் கண்ணில் தண்ணீர் நின்றது. கிணற்றுத் தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. முழுங்கினால் மனைவி போய்விடுவாள். துப்பலாம்தான். ஆனால் அந்த ஆம்லெட் அவர் ஆயுளிலேயே நன்றாக வந்த ஆம்லெட் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். ஒரு விரலைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினார். திரும்பினார். ஓடினார். மறுபடியும் கிணற்றுக்குள் குதித்துவிட்டார்.

வாழப்பாடிக்காரர் விளிம்பில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மாடுகூட அசை போடுவதை நிறுத்திவிட்டது. உள்ளே தண்ணீரில் நின்று நீந்திக்கொண்டே, கப்பல்காரர் அவசரமில்லாமல் மென்றார், முழுங்கினார், வாய் கொப்பளித்தார். விபூதிக்கு வழியில்லை, நெற்றியில் தண்ணீரையே மூன்று கோடாக இழுத்துக்கொண்டார். படியேறி வந்து, அந்தம்மா எதிரில் வாயை ஆவென்று திறந்து காட்டினார்.

அந்தம்மா முதலில் மூக்கால் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது அண்ணனிடம் சொன்னார்:

"அண்ணா, பொட்டிய எறக்கி வெச்சுட்டு நீ போய்ட்டு வா. நாஞ் சொன்ன ஒரு பேச்சுக்கு மறுக்காவும் கெணத்துல உழுந்த மனுசன உட்டுட்டு நான் எங்க வர்றது."

வாழப்பாடிக்காரர் பெட்டியை இறக்கி வைத்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கட்டில் எத்தனை பாரம் தாங்கும் என்று கேட்டார்.

பிறகு யுத்தம் வந்தது. ஜாம் டப்பா நின்றது, ரொட்டி நின்றது. கப்பல் மட்டும் முட்டையை நம்பி ஓடியது. யுத்தம் முடிகிற சமயத்தில் கப்பல்காரர் படுத்துவிட்டார். கஞ்சி இறங்கவில்லை, பால் இறங்கவில்லை. ஒரு காலையில் அந்தம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கணக்குத் தீர்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"முட்ட கொண்டாந்தியா?" என்றார்.

என் வாழ்நாளில் எத்தனையோ அதிர்ச்சி பார்த்திருக்கிறேன். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைப் போல் எதுவும் இல்லை. ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அந்தம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே உடைத்து ஊற்றினார். கடுகு தாளித்து, பெருங்காயம் வேறு போட்டார். பாதி கருகிவிட்டது. எந்தக் கப்பலிலும் அப்படி ஒரு ஆம்லெட்டைச் சுட்டிருக்க மாட்டார்கள்.

கப்பல்காரர் அதைப் பார்த்தார், அந்தம்மாவைப் பார்த்தார், வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவருடைய ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கி, தரையில் பட்டுக்கொண்டிருந்தது. அந்தம்மா குனிந்து அந்தக் காலை இரண்டு கையாலும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆட்டு சாமி. சின்ன அலையா."

கட்டில் காலைப் பிடித்து ஆட்டினேன். அவர் வாயைத் திறந்தார்.

அப்புறம் எத்தனையோ பேரிடம் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். மூட்டை தூக்கினேன், வண்டி ஓட்டினேன், லாரியில் கிளீனராக இருந்தேன். என்னைக் கடலாக வைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.