சுவெற்றர் போர்த்தின பட்டரி

அன்புள்ள தம்பி சற்குணம்,

என்ரை பைக் பட்டரியை நான் கொல்லேல்லை. நேற்று என்ரை மனுசியை வேலையாலை கொண்டுவந்து வாசலிலை இறக்கேக்கை, "கிழவன் குளிருக்கை விட்டே பட்டரியைச் சாகடிச்சுப்போட்டார்" எண்டு நீர் சொன்னது குசினி யன்னலாலை கேட்டது. என்ரை காது இன்னும் வடிவா வேலை செய்யுது. மற்றும்படி கிளென் ஈடனிலை நாங்கள் சுகம். பக்கத்தூர் மாசியிலை நீரும் சுகமாத்தான் இருப்பீர், காலமை காலமை மற்றவன்ரை பெண்சாதியை ஏத்திக்கொண்டு காத்து வாங்கிற ஆளுக்கு என்ன குறை. நான் சொல்லச்சொல்ல இதை எழுதிறது குணவதிதான், என்ரை படிப்பு உமக்குத் தெரியும். காத்து வாங்கிற வசனத்தை எழுதமாட்டன் எண்டு பேனையை வைச்சவ. பிறகு எழுதிப்போட்டா.

நடந்ததைக் கேளும். இந்த நாட்டிலை ஆடிதான் குளிர்காலம், மாசம் முழுக்க மழை, பைக் பின்வளவுச் செட்டுக்குள்ளை சும்மா நிண்டது. சும்மா நிண்டா பட்டரி இறங்கும் எண்டு ஆர் கண்டது, யாழ்ப்பாணத்திலை குளிருக்குச் செத்த பட்டரியை நான் காணேல்லை. பட்டனை அமத்தினன், டிக் எண்டுது. திருப்பி அமத்தினன், அதுவுமில்லை. உடனை குணவதி, "சற்குண மச்சான் பட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ளை வைச்சு, தண்ணி பாத்து விட்டு, மெல்லமா சார்ச் போடுறவர், அவற்றை பைக் ஒரே அமத்திலை ஸ்டார்ட்" எண்டா. அவ 'மச்சான்' எண்டு சொல்லுற வடிவு ஒண்டிருக்கு தம்பி, அதுதான் எனக்குக் குத்துறது. முதலிலை உமக்குத்தானே அவவைக் கலியாணம் பேசினவை. உம்மடை சாதகம் பொருந்தேல்லை, என்ரை பொருந்தினது. அதை நீரும் மறக்கேல்லை, நானும் மறக்க விடேல்லை.

அந்தக் கோவத்திலை நானும் கழட்டினன். தண்ணி குறைஞ்சுபோய்க் கிடந்தது. காய்ச்சல்காரருக்குக் குடுக்கிறமாதிரி கொதிச்சாறின தண்ணி விட்டன், அதைவிடச் சுத்தமான தண்ணி எங்கை கிடக்கு. சார்ச்சரைப் பூட்டி, குளிர் பிடிக்காமல் நீர் அவவின்ரை பிறந்தநாளுக்குக் குடுத்த நீலச் சுவெற்றராலை பொத்தி வைச்சன். கைக்கு அம்பிட்டது அதுதான். மற்றச் சுவெற்றருகளும் பக்கத்திலைதான் தொங்கினது எண்டு இவ சொல்லுறா, அது உமக்குத் தேவையில்லாத விசயம். அசிற் பட்டு முதுகுப்பக்கம் மீன் வலை மாதிரிப் போச்சு. நல்ல சுவெற்றரெண்டா இப்பிடிப் போகாது. இப்ப சார்ச்சரைக் கழட்டி, பட்டரியை உடுப்புத் தோய்க்கிற லோண்டரி அறைக்குள்ளை போர்த்தபடி ஆற விட்டிருக்கிறன். நாளும் போய்த் தடவிப் பாக்கிறன், ஐஸ் மாதிரிக் கிடக்கு.

அதுக்குள்ளை நீர் வந்து ஹோர்ன் அடிக்கிறீர். ஒருக்கா அடிச்சாக் காணாதோ. முந்தி நியூ லின் தையல் பக்டரிக்கு நான்தான் ஏத்திக்கொண்டு போறனான். குளிருக்கு என்ரை கோட்டுப் பொக்கற்றுக்கை கையை விட்டுக்கொண்டு வருவா, றோட்டு முழுக்கப் பிழை பிடிச்சு என்னைப் பேசிக்கொண்டு வருவா. இப்ப காலமையிலை என்னைப் பேச ஆளில்லை. உம்மடை பொக்கற்றுக்கை கை விடுறாவோ எண்டு கேட்டா, "கையுறை போட்டிருக்கிறன்" எண்டு மட்டும் சொல்லுறா. உதெல்லாம் ஒரு மறுமொழியோ, நீர் சொல்லும்.

ஆனபடியா திங்கக்கிழமை வராதையும். பட்டரி எழும்பினவுடனை நானே ஏத்திப் போறன். எப்பிடி எழுப்புறதெண்டு உம்மட்டைக் கேக்கமாட்டன், நீராச் சொன்னாத் தடுக்கவும்மாட்டன். உமக்கும் உம்மடை பட்டரிக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கவேணும், ரண்டிலை எது முந்தி இறங்கினாலும்

பி.கு.: மச்சான், இது குணவதி. அவர் சொல்லட்டும், நான் எழுதிறதை நிப்பாட்டிப்போட்டன். நீங்கள் சொன்னமாதிரி வாகனம் திருத்திற கராச்சிலை காய்ச்சி வடிச்ச தண்ணி வாங்கி ஊத்தி, முனையளிலை பூத்த வெள்ளையைச் சோடாத்தூளாலை கழுவி, வஸ்லின் பூசி, பக்டரியிலை வைச்சு மெல்லமாச் சார்ச் போட்டு, பட்டரியைப் பைக்கிலை பூட்டியாச்சு. லோண்டரியிலை சுவெற்றருக்குள்ளை இருக்கிறது செங்கல். போன கிழமை நீங்கள் உங்கடை பைக்கிலை ஓடப் பழக்கினதுக்கு லைசென்சும் கிடைச்சிட்டுது. இனி வேலைக்கு நானே ஓடுவன், வேணுமெண்டா அவர் பின்னாலை ஏறட்டும். முத்திரை ஒட்டேல்லை, கடிதத்தை நானே இப்ப பைக்கிலை மாசிக்குக் கொண்டுவாறன். அவர் குசினியிலை நிண்டு இன்னும் உங்களை ஆசீர்வதிச்சுக்கொண்டிருக்கிறார்.