குளியல் தொட்டியில் ஹைட்ரஜன்

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் குளியல் தொட்டியில் கெண்டை மீனுக்கு இடமில்லை என்று ரதோமீர் தீர்மானித்துவிட்டார். செக் நாட்டின் தெற்கு பொஹீமியா முழுக்கக் குளத்து மீனை உயிரோடு வாங்கிவந்து, பண்டிகை வரை தொட்டியில் நீந்தவிடும். அவர் வீட்டுத் தொட்டியில் மட்டும் வெதுவெதுப்பான நீரில் பச்சைப் பாட்டில்கள் உட்கார்ந்திருந்தன. உள்ளே நுண்பாசி. பாசியிலிருந்து ஹைட்ரஜன். ஹைட்ரஜனில் வீட்டுக்குக் கணப்பு, காருக்கு ஓட்டம், மீதி நாட்டுக்குத் தானம். ஆய்வுக்கூடம் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிய மனிதர். திட்டங்களுக்கு மட்டும் ஓய்வில்லை. இதுவரை வெளிவந்தது கொசு விட்ட ஏப்பம் அளவு. மனைவி லுத்மிலா இலையுதிர்காலம் பூராவும் எதிர்வீட்டில் குளித்தாள்.

"இது எப்படித்தான் வாயு விடும்?" என்று கேட்டாள்.

"கந்தகம் தரக் கூடாது. காத்துப் புகாம இறுக்கி மூடணும். வெளிச்சம் மட்டும் காட்டணும். மூச்சு முட்டினா வேற வழியில்லாம விடும்."

"கல்யாணமான நாள்லேருந்து எனக்கும் அதே வைத்தியம்தான். ஒரு குழாயைச் சொருகிப் பார்த்திருக்கலாம்."

"விஞ்ஞானம் பேசறப்போ குடும்பத்தை இழுக்காதே."

"குடும்பம் எங்கே இருக்கு இழுக்க? மீனை எங்கே விடறது, அதைச் சொல்லு."

"மீன் வேண்டாம். இந்த வருஷம் சாசேஜ் தின்னுக்கலாம்."

லுத்மிலா சண்டை போடவில்லை. அதைப் பார்த்து அவர் பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டார்.

மறுநாள் காப்பியோடு வந்தாள். "யோசிச்சுப் பார்த்தேன். இந்தக் குளியலறையை வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. குளத்தங்கரையில நம்ம மரக்குடில் சும்மாதானே கெடக்கு? கண்ணாடித் தாழ்வாரம் இருக்கு, விறகடுப்பு இருக்கு."

"அடுப்பு அணைஞ்சா பாசி செத்துடுமே. யார் காவல் இருப்பா?"

"அதான் எனக்கும் புரியல. யாரை நம்பி விடறது?"

"நானே இருந்துக்கறேன்," என்றார் மார்பை நிமிர்த்தி.

"நீயா? அந்தக் குளிர்லயா?"

"என்னைத் தடுக்காதே, லுத்மிலா."

அவள் தடுக்கவில்லை.

பாட்டில்களை அவளே துணியில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கினாள். காரையும் அவளே ஓட்டினாள். பனியில் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு ரதோமீர் நிமிர்ந்தபோது, அவள் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பண்டிகைக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போயிடு."

"பாசியை அனாதையா விட்டுட்டா? உனக்கு மனசு வருமா?"

கார் திரும்பிப் போயிற்று.

அவர் கடைசிப் பெட்டியைத் திறந்தார். அதில் பாட்டில் இல்லை. அவருடைய கோடைக்காலச் சட்டைகள் இருந்தன, அழகாக இஸ்திரி போட்டு.