தீசோயின் இருபது கிலோ

இருபது கிலோ நாய்த் தீவன மூட்டைக்குள் கையை விட்ட அன்செல்மோ, விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்தார். முழங்கை வரை எறும்பு.

நாய் தீசோய் காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் ஓடி, சீஃப் இன்ஜினியராக ஓய்வு பெற்று, பிலிப்பைன்ஸில் தன் சொந்த ஊரான இலோயிலோ திரும்பியவர் அவர். வந்து மூன்று மாதம் ஆகிறது. மனைவி ஃபெலிசா மகளின் பிரசவத்துக்காக மணிலா போய் இரண்டே நாள்தான். போனில் கூப்பிட்டார்.

"எறும்பா?" என்றாள் ஃபெலிசா. "எனக்கு இங்க கைக்குழந்தையோட மூச்சுவிட நேரமில்ல. அவ்வளவு பெரிய கப்பலை ஓட்டினீங்க, ஒரு மூட்டையைப் பத்திரமா வைக்கத் தெரியாதா?"

போனை வைத்துவிட்டாள். விஷயம் இப்போது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

தீவனத்தை வெயிலில் பரப்பி எறும்பை விரட்டினார். பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, டிரம்மை ஓர் அகலமான தொட்டித் தண்ணீருக்கு நடுவே நிறுத்தினார். எந்த எறும்பு நீந்தி வரும், பார்க்கலாம்.

எறும்பு வரவில்லை. அடுத்த வாரம், கையில் டார்ச்சோடு எதிர்வீட்டுப் பெண் வந்தாள். வார்டின் சுகாதாரத் தொண்டர்.

"அண்ணே, இது என்ன, கொசுப் பண்ணையா?"

"நாய்ச் சாப்பாடும்மா."

"மேல நாய்ச் சாப்பாடு. கீழ தண்ணில புழு எப்படி நெளியுது பாருங்க. தெருவுல ரெண்டு பிள்ளைங்களுக்கு டெங்கு. முதல்ல இதைக் கொட்டுங்க."

அவசரமாகத் தொட்டியைச் சாய்த்தார். டிரம்மும் கூடவே சாய்ந்தது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, நனைந்ததையும் நனையாததையும் பிரிக்க ஆரம்பித்தாள். அவரும் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆனது.

"எங்க வீட்டுல ஆறு பெரிய பிஸ்கட் டின் சும்மா கிடக்கு, வந்து எடுத்துக்குங்க."

"ரொம்ப நன்றிம்மா. உன் பேரு?"

"லொரேட்டா. இருபது வருஷமா எதிர்வீடு."

ஆறு டின்களுக்கும் பெயின்டில் எண் போட்டு, தேதி எழுதி, சமையலறைச் சுவரில் பலகை அடித்து வரிசையாக அடுக்கினார். கப்பல் ஸ்டோர் ரூம் தோற்றது. நின்று ரசித்துவிட்டு இரண்டடி நகர்ந்தார். பலகை பெயர்ந்து விழுந்தது. இரண்டு டின்கள் வாய் பிளந்து, தீவனம் வாசல் வழியாகத் தெருவரை ஓடியது. பக்கத்து வீட்டுச் சண்டைச் சேவல் மதிலைத் தாண்டி வந்து கொத்தத் தொடங்கியது.

பின்னாலேயே சேவலின் சொந்தக்காரன் எட்ரிங்கும் வந்தான்.

"சீஃப், என் சேவலுக்கு என்ன போட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? அதுவா தின்னுது."

"எது?"

"நாய்ச் சாப்பாடு."

எட்ரிங் சேவலைத் தூக்கி அதன் முகத்தையே பார்த்தான். "ஞாயித்துக்கிழமை பந்தயம் இருக்கு. களத்துல போய்க் குரைச்சுதுன்னா நான் என்ன பண்றது?"

அன்செல்மோ சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. வீட்டுக்குள் தன் குரல் இவ்வளவு சத்தமாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

எட்ரிங் போய் டிரில் எடுத்து வந்தான். அவன் மனைவி ஒரு சட்டி நூடுல்ஸ் கொடுத்தனுப்பினாள். சத்தம் கேட்டு லொரேட்டாவும் வந்தாள். பலகை நின்றது, விழுந்து நசுங்கிய டின்களின் மூடிதான் இனி மூடுவதாக இல்லை. அன்செல்மோ பழைய சைக்கிள் டியூபை வெட்டி, டிரம் மூடிக்குள் ரப்பர் வளையமாக ஒட்டினார். இன்ஜின் பார்த்த கை. மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. தீவனத்தைத் திரும்ப டிரம்மிலேயே கொட்டி, அதை நான்கு செங்கல் மேல் ஏற்றிவைத்து மூவரும் சுற்றி நின்றார்கள்.

"கப்பல்ல ஒவ்வொரு நட்டுக்கும் நம்பர் சொல்லுவேன்," என்றார் அன்செல்மோ. "பக்கத்து வீட்டுல யாருன்னு தெரியாம இருந்துட்டேன். நீங்க இல்லன்னா இந்த மாசம் எனக்கு எப்படிப் போயிருக்கும்னே தெரியல."

"சேவல் குரைக்காம இருந்தா போதும் சீஃப்," என்றான் எட்ரிங், நூடுல்ஸை வாயில் திணித்துக்கொண்டு.

அதன்பின் தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலிகள் போடப்பட்டன. காப்பி அவர் பொறுப்பு.

இரண்டு மாதம் கழித்து, ஃபெலிசா வருவதற்கு முந்தின நாள் டிரம் காலியாகும் நிலையில் இருந்தது. அன்செல்மோ நிமிர்ந்த நடையோடு தெருமுனையிலிருந்த தீவனக் கடைக்குப் போனார்.

"அதே இருபது கிலோ மூட்டை ஒண்ணு கொடும்மா. எத்தனை கிலோவா இருந்தாலும் வைக்க இப்ப என்கிட்ட இடம் இருக்கு."

கடைப் பெண் தராசைத் துடைத்தபடி நிமிர்ந்தாள். "மூட்டையா? ஃபெலிசா அக்கா பத்து வருஷமா வாரம் ரெண்டு கிலோதான் வாங்குவாங்க. ஊருக்குப் போறப்பதான், 'பெரிய மூட்டையா கொடு, இதை வைக்க வழி தேடியாவது மனுஷன் அக்கம்பக்கத்துல நாலு பேரோட பேசட்டும்'னு வாங்கிட்டுப் போனாங்க."