களைக்காத குதிரை

பெனுவா ஒரு விஷயத்தில் ரொம்பக் கறார். மனைவி ஜோசெட்டுக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டான். அப்படியே செய்தாலும் அது அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வான்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சமையலறைக்குத் தரை போட்டு முடிக்கும் வரை இன்னொரு குதிரை கிடையாது. பழைய தரையைப் பெயர்த்துப் போட்டவன் பெனுவாதான். அப்புறம் காட்டு வேலை வந்தது, வைக்கோல் வேலை வந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டம் வந்தது. தரை மட்டும் வரவில்லை. ஜோசெட் சூப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் கால் பார்த்து நடந்தாள்.

இருந்த ஒரு குதிரை பெலோத். செம்பழுப்பு நிறம், கறுத்த கால்கள், அகலமான பின்புறம். ஆர்தென் காட்டில் ஓடைக்கரைச் சேற்றில் டிராக்டர் இறங்கக் கூடாது என்று ஊர் நிர்வாகம் தடை போட்டிருந்தது. அங்கே பெலோத் இறங்குவாள். மரத்தை இழுத்துக்கொண்டு வெளியே வருவாள், பின்னால் ஒரு மரக்கன்று கூட ஒடிந்திருக்காது. அதைச் சொல்லும்போதெல்லாம் பெனுவாவுக்கு மார்பு இரண்டு அங்குலம் விரியும். சட்டைப் பொத்தான்களைத் தைத்துத் தைத்து ஜோசெட்டுக்கு அலுத்துவிட்டது.

அந்த வசந்தத்தில் ஜோசெட்டின் தம்பி ரேமி போன் செய்தான்.

“மச்சான், என்கிட்ட கானெல்னு ஒரு பெண்குதிரை இருக்கா. அவளோட ஜோடிக் குதிரை செத்துப்போச்சு. தனியா நின்னு ஏங்குது. பார்க்க அப்படியே உங்க பெலோத் மாதிரி. குளிருக்கு விறகு கொடுத்தா போதும், ஓட்டிட்டுப் போங்க.”

“உங்க அக்கா என்னைத் தோலை உரிச்சுடுவா.”

“அவகிட்ட யாரு சொல்லப்போறா?”

“நீ சொல்ல மாட்டியே?”

“நானா? சேச்சே! என்ன மச்சான் நீங்க!”

போய்ப் பார்த்தான் பெனுவா. கானெல் அவன் தோளில் மூக்கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான், ஆள் காலி.

ஓடைக்கு அப்பால் பைன் மரங்களுக்குப் பின்னே மேட்டில் ஒரு பழைய ஆட்டுக்கொட்டகை இருந்தது. ஜோசெட்டுக்கு முட்டிவலி, அந்த மேட்டில் ஏற மாட்டாள். கானெல் அங்கே குடியேறினாள். ஒரே ஒரு சிக்கல்: அவளுக்குப் பின்னங்கால் ஒன்று வெள்ளை. அதற்கும் பெனுவா வழி கண்டுபிடித்தான். கறுப்பு பூட் பாலிஷ்! தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை. காலையில் பெலோத் வேலை செய்வாள், மத்தியானம் கானெல். வெளியே பார்ப்பவர்களுக்கு ஒரே குதிரை.

மூன்றாம் நாள் மாலை ஜோசெட் வேலியோரம் நின்று பார்த்தாள்.

“ஏய்யா, இது காலையிலேர்ந்து மரம் இழுத்த குதிரைதானே?”

“ஆமா. ஏன்?”

“ஒரு பொட்டு வேர்வையைக் காணோமே!”

“வளர்ப்பு அப்படி!” என்றான் பெனுவா, மார்பை விரித்து.

“அப்படியா? அப்போ உருளைக்கிழங்கு நிலத்தையும் உழுதுடு. பாவம், சும்மா நின்னா அதுக்கும் போரடிக்கும்.”

என்ன சொல்வான்? குதிரை களைத்துவிட்டது என்று சொன்னால் அது பொய் என்று குதிரையே சொல்லும். உழுதான்.

அதற்கப்புறம் தினமும் இதே கதை. “பெலோத் துள்ளுதே, வேலிக் கம்பத்தை இழுத்துட்டு வா.” “பெலோத்துக்கு இன்னும் தெம்பு இருக்கே, பழைய கல்குவாரியிலேர்ந்து பலகைக்கல்லைக் கொண்டு வந்துடேன்.” கல் வந்தது. வந்த கல்லைச் சும்மா கிடக்க விட முடியுமா? சமையலறையில் பதித்தான். இரண்டு குதிரைகளும் முறை போட்டு இளைப்பாறின. பெனுவாவுக்குத்தான் மாற்று ஆள் இல்லை. காப்பிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே தூங்கினான். சீட்டாட்டம் மறந்தே போயிற்று.

“பூட் பாலிஷ் டப்பா அடிக்கடி தீர்ந்துபோகுதே,” என்றாள் ஜோசெட் ஒருநாள்.

“நான்தான் போட்டுக்கிறேன்.”

அவள் அவன் பூட்ஸைக் குனிந்து பார்த்தாள். சேறும் வெடிப்புமாக இருந்தது. “நல்லாத்தான் பளபளக்குது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெனுவா அவசரமாகத் தன் பூட்ஸுக்கும் கொஞ்சம் பாலிஷ் பூசிக்கொண்டான்.

இன்னொரு கவலையும் இருந்தது. பெலோத்தின் பழைய கழுத்துப்பட்டை கானெல்லுக்குப் பெரிது, தோளை உராய்ந்து புண்ணாக்கியது. துணி திணித்துப் பார்த்தான், சரிவரவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பட்டை கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, புண்ணும் ஆறிவிட்டது. ‘நம்ம கைராசி!’ என்று நினைத்துக்கொண்டான்.

இதற்குள் களைக்காத குதிரை என்ற பேர் ஊரெல்லாம் பரவிவிட்டது. டிராக்டர்க்காரன் ஒமெருக்குத்தான் அது பிடிக்கவில்லை. குளிர்காலப் புயலில் விழுந்த பீச் என்கிற கனத்த காட்டுமரம் ஒன்று ஓடைக்கரையில் கிடந்தது. மேட்டுப் பாதையில் டிராக்டரை நிறுத்திக் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தான் ஒமெர். கயிறு அறுந்ததுதான் மிச்சம்.

“என் வீட்டுக்காரர் குதிரை இழுத்துடும்,” என்றாள் ஜோசெட், ரொட்டிக்கடையில், எல்லார் காதிலும் விழும்படி. “வர்ற ஞாயித்துக்கிழமை, ஊர்த் திருவிழாவுல.”

பெனுவா வீட்டில் குதித்தான். “அம்மா தாயே, அது ஜோடி இழுக்கிற மரம்! ஒத்தைக் குதிரையால ஆகாது!”

“உன் குதிரை சாதாரணக் குதிரையா? வளர்ப்பு அப்படின்னு சொன்னியே!”

“சொன்னேன்தான்...”

“நான் வாக்கு கொடுத்துட்டேன். உனக்கு அசிங்கம்னா எனக்கும் அசிங்கம்தான்.”

ஒத்தைக் குதிரையோடு போனால் ஒமெர் முன்னால் மானம் போகும். இரண்டையும் கொண்டுபோனால் கானெல் போய்விடுவாள். கானெல்லின் நெற்றியைத் தடவியபோது பெனுவாவுக்குக் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தூறல். ஊரே குடையும் பீருமாக ஓடைக்கரையில் நின்றது. முதலில் பெலோத் இழுத்தாள். மரம் ஒரு முழம் நகர்ந்து நின்றுவிட்டது.

“தண்ணி காட்டிட்டு வர்றேன்!” என்று அவளைப் பைன் மரங்களுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கட்டிவிட்டு, கானெல்லோடு திரும்பினான் பெனுவா. தெம்பாகத்தான் வந்தாள் கானெல். ஆனால் சங்கிலி பூட்டியதும் நேராக நிற்காமல் வலது பக்கம் ஒதுங்கி நின்றாள். ஆயுள் முழுக்க ஜோடியில் வலது பக்கம் இழுத்தவள். இடது பக்கம் ஒரு குதிரை நிற்க இடம் விட்டுத்தான் அவளுக்குப் பழக்கம்.

“என்னய்யா, உன் குதிரை யாருக்கு இடம் விட்டு நிக்குது?” என்று கத்தினான் ஒமெர். “அட, காலைப் பாருங்க! சாயம் போகுது!”

மழையில் பாலிஷ் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. வெள்ளைக்கால் பளிச்சென்று வெளியே வந்தது. ஊர் சிரித்த சிரிப்பில் குடைகள் குலுங்கின. பெனுவா தலையைக் குனிந்துகொண்டான்.

“கொஞ்சம் வழி விடுங்க,” என்றது ஒரு குரல்.

பைன் மரங்களுக்குள்ளிருந்து ஜோசெட் வந்தாள். முட்டிவலி எங்கே போயிற்றோ, விடுவிடுவென்று நடந்தாள். ஒரு கையில் பெலோத், தோளில் ஜோடிக் குதிரை பூட்டுகிற கட்டை. கானெல் விட்டிருந்த இடத்தில் பெலோத்தை நிறுத்தி, சங்கிலி மாட்டி, கானெல்லின் கழுத்துப்பட்டையைத் தட்டிச் சரிசெய்தாள். அப்போதுதான் பெனுவா அதன் உள்பக்கத் தையலைப் பார்த்தான். சட்டைப் பொத்தான் தைக்கிற அதே சிவப்பு நூல்.

“என்ன பார்க்கிறே? குரல் கொடு!”

பெனுவா குரல் கொடுத்தான். இரண்டு குதிரைகளும் ஒன்றாகத் தலையைத் தாழ்த்தித் தோளைக் கொடுத்தன. சேறு ஒருமுறை உறிஞ்சியது, பிறகு விட்டது. பீச் மரம் மெல்ல அசைந்து, அப்புறம் கரையேறிப் பாதைக்கு வந்தே விட்டது. கைதட்டல் காட்டையே அதிரவைத்தது. ஒமெரே தொப்பியைக் கழற்றிவிட்டான். அந்த நிமிஷம் பெனுவாவுக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பொத்தான் ஒன்று நிஜமாகவே தெறித்தது.

மரத்தின் மேல் உட்கார்ந்து, பீரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ரேமியைப் போன் பண்ணச் சொன்னதே நான்தானே?”

“அடிப்பாவி! நேராவே சொல்லியிருக்கலாமே! சந்தோஷமா வாங்கியிருப்பேனே!”

“சந்தோஷமா வாங்கி, ரெண்டையும் மேய விட்டுட்டு நீ சீட்டாடப் போயிருப்பே. இப்பப் பாரு, கிழங்கு முளைச்சாச்சு, வேலி நிக்குது, தரை போட்டாச்சு. சட்டப்படியும் உனக்கு ரெண்டாவது குதிரை உண்டு.”

“அப்போ கானெல் நம்மகிட்டயே இருக்கலாமா?”

“இருக்கட்டும். என் தையல் வீணாப் போகணுமா?”

பெனுவாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்து உருக்கமாகச் சொன்னான்: “இனிமே உனக்குத் தெரியாம எதையும் செய்ய மாட்டேன், ஜோசெட்!”

“அவசரப்படாதே,” என்றாள் அவள். “மாட்டுக்கொட்டகைக்குக் கூரை பாக்கி இருக்கு. ரேமிகிட்ட இன்னொரு குதிரை இருக்காம், எனக்குத் தெரியாம வாங்கிட்டு வா.”