பித்தப்பைக்கு வழி கேட்டவர்

விழுப்புரம் மாவட்டத்தில் அவரைப் போல வழி தவறியவர் இன்னொருவர் கிடையாது. இருந்தால் அவர் இன்னும் வீடு திரும்பியிருக்க மாட்டார்.

லேண்ட்மார்க் சார் என்றுதான் எங்கள் ஆஸ்பத்திரி வட்டாரத்தில் அவருக்குப் பெயர். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, பித்தப்பையை எடுப்பதில் கைதேர்ந்த சர்ஜன். நான் அவரோடு வேலை செய்யும் மயக்க மருந்து டாக்டர். காலையில் திண்டிவனம், மாலையில் விழுப்புரம் என்று இரண்டு நர்ஸிங் ஹோம்களுக்கும் அவர் காரில்தான் போய் வருவோம். நான் லீவு போட்டால் சார் பாடு திண்டாட்டம். ஒருமுறை திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தனியாகக் கிளம்பியவர், செஞ்சி ரோட்டில் வேர்க்கடலை விளையும் வல்லத்திலிருந்து போன் செய்தார்.

"டாக்டரே, இங்க ரோட்டோரமா மல்லாட்டை காயவச்சிக்கினு இருக்காங்க. விழுப்புரத்துல இந்த இடம் எங்க வருது?"

திருவெண்ணெய்நல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வாழ்த்தி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளை ரொம்ப இளைத்துவிட்டதாக என்னிடம் வருத்தப்பட்டார். அது வேறு மாப்பிள்ளை, வேறு மண்டபம். செல்போன் மேப்பும் அவருக்கு உதவாது. இடது பக்கம் திரும்பச் சொன்னால், வாட்ச் கட்டிய கை எது என்று பார்ப்பார். அதற்குள் திருப்பம் தாண்டிப் போயிருக்கும்.

இப்பேர்ப்பட்டவர் கையில் கத்தியா என்று நீங்கள் பதறுவது தெரிகிறது. சமாசாரமே அங்கேதான் இருக்கிறது.

கல்லீரலின் அடியில் வலப்பக்கமாக ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அதிலிருந்து குறுக்கே மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு மேலேயே வேலை செய்தால் பத்திரம். கீழே இறங்கினால், கல்லீரலிலிருந்து பித்தம் வரும் மெயின் குழாய் இருக்கிறது. பித்தப்பையின் குழாய் என்று நினைத்து அதை வெட்டிவிட்டால், அந்த நோயாளி ஆயுசுக்கும் ஆஸ்பத்திரி வாசலில்தான்.

அதனால் குழாயை அடைத்து வெட்டக் கிளிப் போடுவதற்கு முன் சார் வேலையை நிறுத்திவிட்டு, டிவியைக் காட்டி எல்லோரிடமும் வழி கேட்பார். பள்ளம் எங்கே? குடல் எங்கே? பைக்குள் போவது பித்தக்குழாய் ஒன்று, ரத்தக்குழாய் ஒன்று, இரண்டே இரண்டுதானா? அவற்றின் பின்னால் கல்லீரல் தெரிகிறதா? நர்ஸுக்கோ, கேமரா பிடிப்பவருக்கோ, எனக்கோ, யாருக்குச் சந்தேகம் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். செஞ்சி பஸ் எங்கே நிற்கும் என்று ஸ்டாண்டில் விசாரிப்பது போலவே இருக்கும்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு சர்ஜன் இதைப் பார்த்துச் சிரித்தார். சொந்த வீட்டுக்குப் போக யாராவது வழி கேட்பார்களா என்றார்.

"நான் கேட்டுக்கினுதாங்க போறேன்" என்றார் சார்.

அது சத்தியமான வார்த்தை. அவர் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி. அடையாளத்துக்காக அவர் மனைவி கேட்டில் ஒரு பச்சை வாளியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

கெடாரில் இருக்கும் என் அக்காவுக்கு ஒருநாள் வடை சாப்பிட்டதும் வயிற்றில் தாங்க முடியாத வலி. பித்தப்பையில் கல். சொந்த அக்கா என்பதால் மயக்க மருந்துக்கு வேறொருவரை வைத்துவிட்டு நான் தியேட்டரில் ஓரமாக நின்றேன். பை வீங்கி, குடலோடும் கொழுப்போடும் ஒட்டி, உள்ளே ஒரே களேபரம். பள்ளத்தைக் காணவில்லை. சார் வழி கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கேமராவைத் திருப்பித் திருப்பி மறுபடியும் கேட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எப்படியாவது முழுசா எடுத்துடுங்க சார். அரைகுறையா வுட்டா அக்கா என்ன வையும்."

சார் திரும்பி என்னைப் பார்த்தார்.

"டாக்டரே, வழி தெரியாம போய்க்கினே இருந்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு உங்களுக்குத் தெரியாது. கார்ல போனா வல்லத்துல போய் நிப்பேன், அவ்ளோதான். இங்க போனா உங்க அக்கா வாழ்க்க போயிடும். நான் திரும்பிக்கிறேன்."

பையைத் திறந்து கற்களை எடுத்தார். மேல்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்தார். குழாயை ஒட்டிய அடிப்பாகத்தைத் தொடாமல் தைத்து மூடி, கசிவது வடிய ஒரு டியூப் வைத்து வெளியே வந்துவிட்டார். அந்த நிமிஷம் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. கையுறையைக் கழற்றட்டும் என்று காத்திருந்தேன்.

கண் விழித்த அக்காவிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொன்னார். வழி தெரியவில்லை, கொஞ்சம் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன் என்றார். அக்கா என்னை வையவில்லை.

"தெரியலன்னு வாயால சொன்ன டாக்டர இப்பதான்டா பாக்குறேன்" என்றாள்.

போன மாதம் கெடாரில் அக்கா மகள் கல்யாணம். சார் தனியாகக் காரில் வருகிறார் என்றதும் நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அக்கா அசரவில்லை. மெயின் ரோட்டில் மாமாவை நிறுத்தினாள். அடுத்தடுத்த திருப்பங்களில் சொந்தக்காரர்களை நிறுத்தினாள். கடைசித் திருப்பத்துக்கு, பெண்ணைப் பெற்றவள், பட்டுப்புடவையோடு தானே போய் நின்றுகொண்டாள். வரவேற்க ஆளில்லை என்று சம்பந்தி வீட்டில் முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

கார் வந்தது. சார் கண்ணாடியை இறக்கினார்.

"இங்க திரும்பணுமாம்மா?"

"இங்கதான் டாக்டரே. நான் தெரியறேன் இல்ல? திரும்புங்க."

சார் சரியாகத் திரும்பினார். வெயிலில் நின்று சிரிக்கும் அக்காவைப் பார்த்தேன். இந்த மனிதரோடுதான் நான் வேலை செய்கிறேன் என்று பந்தலில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்.