கெட்டிலுக்கு வந்த கடல்வாக்கு

நோவா ஸ்கோஷியாவின் அந்தத் துறைமுக ஊரில் தீயணைப்புக் கூடம் பிதுங்கி வழிந்தது. தீ எங்கும் பிடிக்கவில்லை. ஊருக்குத்தான் பித்துப் பிடித்திருந்தது. திங்கட்கிழமை சிங்கி இறால் பருவம் திறக்கிறது. அதற்குள் தன் படகுக்குக் 'கடல்வாக்கு' கேட்காதவன் மீனவனே இல்லையாம்!

வாக்கு சொல்பவர் திருவாளர் மர்டாக் ஸ்பின்னி. போன வருடம் வரை கார் காப்பீடு விற்றவர், இப்போது கடலுக்கே முகவர். ஊர்க்காரர்களே எழுதித் திருத்தும் இணையதளமான ஊர் விக்கியில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம் உண்டு. திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து கணினியில் அந்தப் பக்கத்தைத் திறப்பார். ஒரே ஒரு சொல் தட்டுவார். உடனே பக்கம் படகைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசும்! படித்ததும் அழித்துவிடுவார். வெளியே சொன்னால் பலிக்காதாம். எப்படிப் பலிக்கும்? பிழைப்பு போய்விடுமே!

அண்ணி வெர்னாவுக்குத் துணையாக ஓடெட்டும் திரைக்குள் போனாள். வெர்னா வீட்டுப் படகான 'ஈடித் மேரி'யின் பக்கத்தில் சொல்லைத் தட்டிவிட்டு மர்டாக் படித்தார்.

"ஈடித் மேரியே! உன்மேல் நிழல் விழுந்திருக்கிறது. பரிகாரமின்றித் திங்கட்கிழமை புறப்பட்டால் திரும்பமாட்டாய்."

வெர்னாவின் முகம் வெளுத்தது. இறால் பொறிகளுக்கு இரை வாங்க வைத்திருந்த நானூறு டாலரைப் பரிகாரத்துக்கென்று எடுத்து நீட்டினாள். இரை இல்லாமல் முதல் நாள் படகு போகாது. முதல் நாள் வரும்படி போனால் அந்த வீட்டுக்குக் குளிர்காலமே பட்டினிதான்.

ஆனால் ஒன்று ஓடெட்டின் கண்ணில் பட்டுவிட்டது. அந்தச் சொல்லை மர்டாக் இரட்டை அடைப்புக்குறிக்குள் தட்டியிருந்தார். சட்டென்று திரையை விலக்கினாள்.

"ஐயா, எனக்கும் ஒரு வாக்கு பாருங்க."

"உனக்கேதும்மா படகு?"

"படகு எதுக்கு? அதோ, டீ கெட்டில் இருக்கே!"

அவர் தடுப்பதற்குள் 'தீயணைப்புக் கூடத்துக் கெட்டில்' என்று ஒரு புதுப் பக்கம் திறந்தாள். அதே சொல்லைத் தட்டினாள். கணினியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி உரக்கப் படித்தாள்.

"தீயணைப்புக் கூடத்துக் கெட்டிலே! உன்மேல் நிழல் விழுந்திருக்கிறது. பரிகாரமின்றித் திங்கட்கிழமை புறப்பட்டால் திரும்பமாட்டாய்."

கூடமே குலுங்கியது. மர்டாக் அசரவில்லை. "கெட்டிலுக்கும் ஆவி உண்டும்மா!"

"கொதிக்கும்போது உண்டு!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"இதுக்குப் பேர் வார்ப்புரு," என்றாள் ஓடெட். "முன்னாடியே எழுதி வச்ச சேதி. இரட்டை அடைப்புக்குறிக்குள்ள அதோட பேரத் தட்டினா வந்து நிக்கும். நடுவுல ஒரு காலியிடம். எந்தப் பக்கத்துல வச்சாலும் அந்தப் பக்கத்தோட பேரு தானா வந்து உக்காந்துக்கும். சர்ச் விருந்து அறிவிப்ப நான் வாராவாரம் இப்படித்தான் போடறேன். என்கிட்ட எந்தக் கடலும் வந்து பேசலையே!"

அடுத்ததாக 'மர்டாக் ஸ்பின்னி' என்று ஒரு பக்கம் திறந்தாள். அவரும் திரும்பமாட்டாராம்!

வெர்னா மர்டாக்கின் கையிலிருந்து நானூறு டாலரை வெடுக்கென்று பிடுங்கினாள். "மொதல்ல நீ பரிகாரம் பண்ணிக்கய்யா! நான் இரை வாங்கப் போறேன்."

மர்டாக் கதவுப் பக்கம் நழுவினார். அப்போதும் ஒரு கிழட்டு மாலுமி ஓடெட்டின் காதோரம் குனிந்தார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா என் படகுக்கு வந்தது மட்டும் நெசமா இருந்துட்டா?"

ஓடெட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரியவரே, விக்கிப் பக்கத்துல இருக்கற காலியிடம் தானா நிரம்பிக்கும். தலையில இருக்கறத நீங்கதான் யோசிச்சு நிரப்பணும்."